12 மைக்ரான் இடுக்கில் ஒரு வினையின் வேகம்

மெத்தில் ஃபார்மேட் என்ற எஸ்டர் காரத்தில் உடைந்து ஃபார்மேட் அயனியும் மெத்தனாலும் ஆகும். கல்லூரி ஆய்வகத்தில் பலரும் செய்து பார்த்திருக்கும் எத்தில் அசிட்டேட் நீராற்பகுப்பின் உறவுக்கார வினைதான் இது. எத்தில் அசிட்டேட் நிதானமானது. 25 °செ-ல் அதன் வேக மாறிலி (வினை எவ்வளவு வேகமானது என்று காட்டும் எண்) மோலாருக்கு, விநாடிக்கு 0.11 அளவில்தான் இருக்கும். பிப்பெட்டும் ஸ்டாப்வாட்சும் போதும். மெத்தில் ஃபார்மேட்டுக்கு அதே மாறிலி 35-ஐத் தாண்டும். அரை மோலார் காரத்தில் பாதி எஸ்டர் தீர 40 மில்லி விநாடி போதும். இரண்டையும் பீக்கரில் ஊற்றிக் கலக்கி முடிப்பதற்குள் பார்க்க ஒன்றும் மிச்சமிருக்காது.

இந்த வினையை அகச்சிவப்பில் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. எஸ்டருக்கும் நிறமில்லை, விளைபொருளுக்கும் நிறமில்லை. ஆனால் அகச்சிவப்பில் இரண்டும் தனித்தனியாகக் கையெழுத்துப் போடும். எஸ்டரின் கார்பனைல் பட்டை, அதாவது அது ஒளியை உறிஞ்சும் இடம், 1,700 செ.மீ⁻¹-க்குச் சற்று மேலே வரும் (ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலை என்பதுதான் இந்த அலகு). ஃபார்மேட் அயனியின் பட்டை 1,580-ஐ ஒட்டி வரும். ஒன்று தேய்வதையும் மற்றொன்று வளர்வதையும் ஒரே நிறமாலையில் பார்த்துவிடலாம். எதையாவது சாயமேற்ற வேண்டியதில்லை, ஒளிரும் மூலக்கூறு எதையும் ஒட்டவைக்க வேண்டியதில்லை.

சிக்கல் கருவியில். எங்கள் அகச்சிவப்பு நிறமாலைக் கருவியான எஃப்டிஐஆர் நல்ல நிறமாலை ஒன்று தர நூற்றுக்கணக்கான ஸ்கேன்களைச் சராசரி எடுத்தாக வேண்டும். அதற்கு நிமிடக் கணக்கில் ஆகும். மில்லி விநாடியில் முடியும் வினையை நிமிடக் கருவியால் எப்படிப் பிடிப்பது? இதற்கான விடை நூறாண்டு பழையது. 1923-ல் கேம்பிரிட்ஜில் ஹார்ட்ரிட்ஜும் ரஃப்டனும் ஹீமோகுளோபினின் வினைகளை அளந்த முறை அது. இரண்டு திரவங்களை ஒரு குழாயின் வாயில் கலந்து ஓடவிட வேண்டும். ஓட்டத்தின் வேகம் மாறாமல் இருந்தால், கலந்த இடத்திலிருந்து இத்தனை மில்லிமீட்டர் தள்ளி ஓடும் திரவத்தின் வயது எப்போதும் இத்தனை மில்லி விநாடிதான். அந்த இடத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து அளக்கலாம். தூரத்தை அளந்தால் நேரம் கிடைத்துவிடும். அவர்கள் காலத்தில் இதற்கு லிட்டர் கணக்கில் திரவம் கொட்ட வேண்டியிருந்தது. முடியைவிட ஆழம் குறைந்த வாய்க்காலில் அதையே செய்தால் நிமிடத்துக்கு 20 மைக்ரோலிட்டர் போதும்.

ஆனால் நுண்ணிய வாய்க்காலில் திரவங்கள் எளிதில் கலப்பதில்லை. ஓட்டம் சுழலுமா, சீராகப் போகுமா என்று சொல்லும் ரெனால்ட்ஸ் எண் நான் கட்டிய வாய்க்காலில் 1-ஐ ஒட்டித்தான் வரும். சுழல் என்ற பேச்சுக்கே இடமில்லை. டீக்கடையில் ஆற்றுவது போலத் தூக்கி ஊற்றிக் கலக்க அங்கே வழி கிடையாது. இரண்டு ஓட்டங்களும் பக்கத்தில் பக்கத்தில் சாதுவாகப் போய்க்கொண்டே இருக்கும். ஒன்றின் மூலக்கூறு மற்றொன்றுக்குள் போவது விரவல் வழியாக, அதாவது தானாகவே மெல்லப் பரவுவதன் வழியாக மட்டும்தான். விரவலின் கணக்கில் நேரம் தூரத்தின் வர்க்கமாக ஏறும். சின்ன மூலக்கூறு ஒன்று நீரில் 100 மைக்ரான் நகர 5 விநாடி ஆகும், 10 மைக்ரானுக்கு 50 மில்லி விநாடி, 1 மைக்ரானுக்கு அரை மில்லி விநாடி. ஆக, வேகமாகக் கலக்க வேண்டுமானால் திரவத்தை மெலிதாக்க வேண்டும்.

மெலிதாக்க இரண்டு வழி இருக்கிறது. 1998-ல் பிரின்ஸ்டனில் நைட், ஆஸ்டின் முதலானோர் செய்தது ஒன்று: நடுவில் வரும் ஓட்டத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்கி மெல்லிய இழையாக்கினார்கள். மைக்ரோ விநாடியில் கலக்கும் அற்புதமான ஏற்பாடு அது. ஆனால் எனக்கு உதவாது. 1,650 செ.மீ⁻¹-ல் அகச்சிவப்பின் அலைநீளமே 6 மைக்ரான். அதைவிட மெலிந்த இழையை அந்த ஒளியால் தனியாகப் பார்க்க முடியாது. அக்கம்பக்கத்துத் திரவமும் சேர்ந்தே தெரியும். இரண்டாவது வழி, இழையாக்காமல் ஏடாக்குவது. ஒரு திரவத்தை மெல்லிய ஏடாகப் பரப்பி, அதன் மேல் மற்றொன்றை இன்னொரு ஏடாக ஓடவிட்டு, ஒளியை மேலிருந்து கீழாகச் செலுத்துவது. ஏடு எவ்வளவு மெலிந்தாலும் அகலத்தில் தாராளமாக இடம் இருக்கும்; ஒளிப்புள்ளி அதற்குள் அடங்கிவிடும். வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் லெண்டலின் குழு 2001-ல் இந்த வகைக் கலப்பானை வெளியிட்டது. என்னுடையது அந்த யோசனையின் வழியில் வந்தது, எங்கள் ஆய்வகத்தில் கைக்கு எட்டிய பொருள்களில்.

முதலில் ஜன்னல். கண்ணாடி அகச்சிவப்பை விடாது. நுண்வாய்க்கால் என்றாலே எல்லாரும் எடுக்கும் பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் ரப்பரும் இங்கே ஆகாது. சிலிக்கான் பிணைப்புகளின் பட்டைகள் நிறமாலையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும், கரிமக் கரைப்பானில் உப்பவும் செய்யும். பொட்டாசியம் புரோமைடு நீரில் கரையும். துத்தநாக செலினைடு அமிலம் பட்டால் நச்சு வாயு விடும். கால்சியம் ஃபுளூரைடுதான் சரி. நீரில் ஏறக்குறைய கரையாது, காரத்தைத் தாங்கும், 1,100 செ.மீ⁻¹ வரை ஒளியை விடும். அதன் ஒளிவிலகல் எண் 1.4, நீரின் 1.33-க்குப் பக்கத்தில் இருப்பதால் எல்லையில் ஒளி அதிகம் திரும்பாது. அதற்குப் பிடிக்காத ஒன்று திடீர்ச் சூடு. சூடான தட்டில் நேராக வைத்தால் விரிசல் விடும். அறை வெப்பத்தில் தட்டின் மேல் வைத்து, பிறகு மெதுவாக ஏற்ற வேண்டும், இறக்குவதும் அப்படியே. ஜன்னலில் போடும் பூச்சைச் சுட்டு முடித்ததும் ஹீட்டரை அணைத்துவிட்டு, தட்டோடு ஆற விட்டுவிடுவது என் வழக்கம்.

25 மில்லிமீட்டர் விட்டம், 2 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு ஜன்னல்கள். ஒன்றில் மட்டும் வைர டிரில்லால் மூன்று துளை: இரண்டு நுழைவாய், ஒரு வெளிவாய். ஒவ்வொரு ஜன்னலிலும் புற ஊதா பட்டால் கெட்டியாகும் பிசினான எஸ்யூ-8 ஃபோட்டோரெசிஸ்டை 4 மைக்ரான் தடிமனுக்குச் சுழற்றிப் பூசி, அரை மில்லிமீட்டர் அகலத்தில் வாய்க்கால் வடிவத்தைப் புற ஊதாக் கதிரால் பதித்தேன். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சிலிக்கான் வேஃபரில் பழகியவர்களுக்கு இது தோன்றாது. கால்சியம் ஃபுளூரைடு புற ஊதாவையும் நன்றாகவே கடத்தும். கதிர் ஜன்னலைத் தாண்டிப் போய், அடியில் இருக்கும் உலோகத் தட்டில் பட்டுத் திரும்பி வந்து, பதிய வேண்டாத இடத்திலும் ரெசிஸ்டைக் கெட்டியாக்கும். வாய்க்காலின் ஓரம் கலங்கலாகிவிடும். ஜன்னலுக்கு அடியில் மங்கலான கறுப்புத் தாள் ஒன்று வைத்தால் ஓரம் கத்தியால் வெட்டியது போல வருகிறது.

இரண்டு ஏடுகளும் சந்திக்கும் இடம் வரை அவற்றைப் பிரித்து வைக்க நடுவில் ஒரு தடுப்பு தேவை. எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவிகளில் மாதிரிக் கிண்ணத்தை மூட விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இதற்குப் பொருத்தமாக அமைந்தது. அதில் மைலார் பிரபலமானது. ஆனால் மைலார் ஒரு பாலியெஸ்டர். நான் அளக்கப் போகும் அதே வினையைக் காரம் அந்தப் படலத்தின் மேலும் நடத்தும். அதனால் 4 மைக்ரான் பாலிப்ரொப்பிலீன் படலம். முக்கிய வாய்க்காலுக்கு நேராக அதில் ஒரு நீளத் திறப்பை ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பின் கீழ் ஸ்கால்பெல்லால் வெட்ட வேண்டும். திறப்பின் முன் விளிம்பு நேராக இருப்பதுதான் முக்கியம். திரவங்கள் முதலில் தொட்டுக்கொள்ளும் இடம் அது. என் கடிகாரத்தின் பூஜ்யம். அந்த விளிம்பு 100 மைக்ரான் வளைந்திருந்தால் கடிகாரம் ஏறக்குறைய 2 மில்லி விநாடி தடுமாறும். பக்கவாட்டில் திறப்பு வாய்க்காலைவிடச் சற்று அகலமாக இருந்தால் பரவாயில்லை. அங்கே கொஞ்சம் திரவம் தேங்கும், ஆனால் ஒளிப்புள்ளியை நடுவில் வைத்தால் அது கண்ணில் படாது.

இதையெல்லாம் இறுக்கிப் பிடிக்கும் உலோகச் சட்டத்தை அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் செய்து வாங்கினேன். எஃகு, இரண்டு பக்கமும் ஓ-ரிங் பள்ளம், ஆறு ஸ்குரூ. சட்டத்தைக் கையில் கொடுக்கும்போது பட்டறை அண்ணன் சொன்னது: “தம்பி, ஒரே ஸ்குரூவ முழுசா முறுக்கிடாதீங்க. எதிரெதிரா, கால் சுத்து கால் சுத்தா போங்க. இல்லேன்னா கண்ணாடி விட்டுரும்.” இன்றும் அப்படித்தான் முறுக்குகிறேன். நுழைவாய்க்கால்கள் 4 மைக்ரான் ஆழம்தான் என்பதால் நிமிடத்துக்கு 20 மைக்ரோலிட்டர் தள்ளவே 3 முதல் 4 பார் அழுத்தம் தேவைப்படுகிறது. சட்டம் ஒரு பக்கம் தளர்ந்தால் திரவம் படலத்தின் ஓரமாகவே கசிந்து மறுபக்கம் போய்விடும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. உள்ளே திரவங்கள் பூஜ்யத்துக்கு முன்பே கலந்துவிட்டிருக்கும்.

ஆழம் எவ்வளவு என்று ஊகிக்க வேண்டியதில்லை. காலியாக இருக்கும்போதே ஒரு நிறமாலை எடுத்தால் போதும். இணையான இரண்டு பரப்புகளுக்கிடையே ஒளி முன்னும் பின்னும் போவதால் நிறமாலையில் சீரான அலைகள் தெரியும். அடுத்தடுத்த முகடுகளின் இடைவெளியை இரண்டால் பெருக்கி, 1-ஐ அதனால் வகுத்தால் ஆழம் சென்டிமீட்டரில் வரும். எனக்கு இடைவெளி 417 செ.மீ⁻¹ அளவில் வந்தது. அதாவது 12 மைக்ரான். நான்கும் நான்கும் நான்கும். முறுக்கும் இறுக்கத்துக்கு ஏற்ப இது கொஞ்சம் மாறும். அதனால் ஒவ்வொரு முறை சட்டத்தைப் பூட்டியதும் முதல் வேலை இந்த அலைகளை எண்ணுவது.

கரைப்பானாகச் சாதாரண நீர் வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் அதன் 1,645 செ.மீ⁻¹ பட்டை. எஸ்டருக்கும் ஃபார்மேட்டுக்கும் நடுவில் மலை போல எழுந்து நிற்கும். ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியம் உள்ள கனநீரில் அந்த அதிர்வு 1,210-க்கு இறங்கிவிடுகிறது. நமக்கு வேண்டிய இடம் திறந்துவிடும். இந்தியாவில் கனநீர் கிடைப்பது கஷ்டமில்லை. அணுசக்தித் துறையின் கீழ் இயங்கும் கனநீர் வாரியம் உலகின் பெரிய உற்பத்தியாளர்களில் ஒன்று. கஷ்டம், அதைக் கனநீராகவே வைத்திருப்பது. மூடியைத் திறந்து வைத்தால் சென்னைக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், 1,450-ல் அரைக் கனநீரின் (ஒரு ஹைட்ரஜனும் ஒரு டியூட்டீரியமும் உள்ள நீரின்) பட்டை முளைக்கும். வினைக்கு வேண்டிய காரமான சோடியம் டியூட்டராக்சைடு இன்னும் மோசம். ஈரத்தோடு கரியமில வாயுவையும் பிடித்துக் கார்பனேட்டாகி, 1,400 பக்கம் அகலமாக ஒரு பட்டை போடும். கரைசல்களை உலர்ந்த நைட்ரஜனின் கீழ் தயாரித்து, நேராகக் கண்ணாடிச் சிரிஞ்சில் இழுத்துவிட வேண்டும். மெத்தில் ஃபார்மேட்டின் கொதிநிலை வெறும் 32 °செ. நம் ஊர் மதியத்தில், ஏசி இல்லாத அறையில் புட்டியைத் திறந்தாலே பறந்துவிடும், தீப்பற்றவும் கூடியது. குளிர்ந்த நிலையில் எடைபோட்டு, கரைசலில் குமிழி இல்லை என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகே பம்பில் மாட்டுவேன்.

எஃப்டிஐஆரோடு இணைந்த மைக்ராஸ்கோப்பின் மேடையைச் சுற்றி அக்ரிலிக் பெட்டி ஒன்று செய்து உலர்ந்த காற்றை விட்டுக்கொண்டே இருக்கிறேன். காற்றில் உள்ள நீராவி 1,400 முதல் 1,900 வரை ஊசி ஊசியாகக் கோடு போடும். நமக்கு வேண்டிய பகுதி முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. திரவ நைட்ரஜனில் குளிர்வித்த, அகச்சிவப்பை உணரும் எம்சிடி டிடெக்டர், 8 செ.மீ⁻¹ பிரிதிறன், ஓட்டத்தின் திசையில் 50 மைக்ரான் மட்டும் திறந்திருக்கும் அபர்ச்சர். நிமிடத்துக்கு 20 மைக்ரோலிட்டர் என்றால் ஓட்டத்தின் சராசரி வேகம் விநாடிக்கு 55 மில்லிமீட்டர். 50 மைக்ரான் என்பது 0.9 மில்லி விநாடி. 12 மில்லிமீட்டர் நீள வாய்க்கால் முழுவதும் ஏறக்குறைய 216 மில்லி விநாடி. இன்னும் நீண்ட நேரம் பார்க்க வேண்டுமானால் பம்பின் வேகத்தைக் குறைத்தால் சரி.

இனி நான் அதிகம் அக்கறை காட்டும் பகுதி. எஸ்டரைத் தொடுவதற்கு முன், இந்தக் கலப்பான் உண்மையில் எவ்வளவு நேரத்தில் கலக்கிறது என்று அளக்க வேண்டும். கணக்கு ஒன்று சொல்லும்: 12 மைக்ரான் ஆழத்தில் சம அளவு இரண்டு ஏடுகளின் வேறுபாடு 7 மில்லி விநாடிக்கு ஒருமுறை, முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய அளவுக்கு இறங்கும். கணக்கை நம்பிப் புறப்படலாம்தான். ஆனால் படல விளிம்பு, பம்பின் துடிப்பு, ஆழத்தின் சாய்வு எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. கலப்பு முடிவதற்கு முன் கிடைக்கும் வேகம் வினையின் வேகம் ஆகாது. அது பார்க்க வினையின் வளைவு போலவே அழகாக இருக்கும் என்பதுதான் ஆபத்து.

அளக்க நல்ல வழி: ஒரு பக்கம் நீர், மறுபக்கம் கனநீர். இரண்டும் சேர்ந்த இடத்தில் ஹைட்ரஜனும் டியூட்டீரியமும் இடம் மாறி அரைக் கனநீர் உண்டாகும். 1,450 பட்டை வளரும், 1,645 பட்டை தேயும். இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, நடுநிலையான தூய நீரில் புரோட்டான் இடம் மாற ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி எடுக்கும். கலப்பின் நேரத்தோடு அது குழம்பக்கூடாது. இரண்டு பக்கமும் கொஞ்சம் காரம், 0.01 மோலார் போட்டால்கூடப் போதும், இடமாற்றம் மைக்ரோ விநாடிக்கும் கீழே போய்விடும். அப்புறம், அரைக் கனநீரின் அளவு இரண்டு வகை நீரின் பெருக்கத்தைச் சார்ந்தது. ஆகவே கலப்பு முழுமையை நெருங்கும்போது அந்தப் பட்டை கலப்பைவிட இரு மடங்கு வேகமாக உச்சத்தை எட்டும். பட்டை 4 மில்லி விநாடி மாறிலியோடு ஏறினால், கலப்பின் உண்மையான மாறிலி 8. எனக்கு வந்தது அந்த அளவுதான், கணக்கிட்ட 7-ஐவிடக் கொஞ்சம் கூடுதல். காரத்துக்கும் இதே நேரம் ஏறக்குறைய பொருந்தும். காரத்தின் எதிர்மின் அயனி தனியாக நீரில் வெகு வேகமாக நகரக்கூடியதுதான், ஆனால் மின்சுமை சமமாக இருக்க வேண்டுமே; சோடியத்தையும் இழுத்துக்கொண்டு போவதால் அதன் வேகம் நீரின் விரவலுக்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. எனவே முதல் 25 மில்லி விநாடியில் வரும் எந்தப் புள்ளியையும் வேகக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

வினையை ஓட்டினால், படல விளிம்பைத் தாண்டிய சில நூறு மைக்ரானிலேயே 1,580-ல் ஃபார்மேட் எட்டிப்பார்க்கிறது. மேடையை நகர்த்த நகர்த்த எஸ்டர் பட்டை தாழ்ந்து, ஃபார்மேட் பட்டை நிமிர்ந்து, கடைசி மில்லிமீட்டர்களில் எஸ்டர் இருந்த இடம் ஏறக்குறைய சமதளம் ஆகிறது. எல்லாப் புள்ளியிலும் அடிக்கோடாக, எஸ்டர் இல்லாமல் காரமும் கனநீரும் மட்டும் அதே வேகத்தில் ஓடிய நிறமாலையைத்தான் வைக்கிறேன். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பட்டைகளையும் செறிவாக மாற்றிக் கூட்டிப் பார்ப்பது நல்ல காவல். கூட்டுத்தொகை மாறாமல் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டும் சேர்ந்து குறைந்தால் அங்கே குமிழி ஒட்டியிருக்கிறது என்று பொருள். வாய்க்காலை ஐசோப்ரொப்பனாலால் கழுவிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

ஓட்ட வேகத்தைப் பாதியாக்கிப் பார்ப்பது அடுத்த சோதனை. வேகம் பாதியானால் பழைய 5 மில்லிமீட்டரில் தெரிந்தது இப்போது இரண்டரை மில்லிமீட்டரில் தெரிய வேண்டும். இரண்டுமே 90 மில்லி விநாடி வயது. புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. கசிவும் இல்லை, பம்பும் சொன்னபடி தள்ளுகிறது என்பது இதில் உறுதியாகிறது. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் கலப்பும் வினையும் இரண்டுமே வயதை மட்டும் சார்ந்தவை. நான் அளப்பது இவற்றில் எதை என்று இந்தச் சோதனையால் சொல்ல முடியாது.

அதைச் சொல்வது காரத்தின் செறிவு. செறிவை இரட்டித்தால் வினையின் வேகம் இரட்டிக்க வேண்டும். கலப்புக்குச் செறிவைப் பற்றிக் கவலையில்லை. கலந்த பிறகு கால் மோலார், அரை மோலார், ஒரு மோலார் என வரும்படி ஓட்டினேன். எஸ்டர் 0.05 மோலார். கால் மோலாரில் காரமும் கவனிக்கத்தக்க அளவு தீர்வதால் எல்லாவற்றுக்கும் இரண்டாம் படிச் சமன்பாட்டையே பொருத்தினேன். கால் மோலாரும் அரை மோலாரும் பூஜ்யத்திலிருந்து வரும் ஒரே நேர்கோட்டில் அமர்ந்தன. அரை மோலாரில் எஸ்டரின் அரை ஆயுள் 30 மில்லி விநாடியை ஒட்டி வருகிறது. சாதாரண நீருக்கான மதிப்பைவிடக் குறைவு, அது எதிர்பார்த்ததுதான், கனநீரில் டியூட்டராக்சைடு எஸ்டரைச் சற்று வேகமாகவே தாக்கும். ஒரு மோலார் புள்ளி கோட்டுக்குக் கீழே இறங்கி நிற்கிறது. அங்கே அரை ஆயுள் 15 மில்லி விநாடியாக இருக்க வேண்டும், கலப்பு முடிவதற்குள்ளேயே பாதிக்கு மேல் எஸ்டர் தீர்ந்துவிடுகிறது. அந்த இடத்தில் வேகத்தைத் தீர்மானிப்பது என் வாய்க்காலின் ஆழம், வேதியியல் அல்ல. அந்தப் புள்ளியை வரைபடத்தில் விட்டுவைத்திருக்கிறேன், பொருத்துவதில் மட்டும் சேர்க்கவில்லை. இந்தக் கருவியின் எல்லை எது என்று பார்ப்பவருக்கு அதைவிடத் தெளிவாகச் சொல்ல எதுவும் இல்லை.

எல்லையைத் தள்ள ஒரே வழி இன்னும் மெலிதாக்குவது. ஆழத்தைப் பாதியாக்கினால் கலப்பு நேரம் கால் பங்காகும், 2 மில்லி விநாடிக்கு வந்துவிடலாம். அதே அளவு திரவத்தைத் தள்ள அழுத்தம் எட்டு மடங்காகும், ஒளி கடக்கும் தூரமும் பாதியாவதால் பட்டைகளும் பாதியாகும். பட்டைக்கு ஸ்கேன்களைக் கூட்டிக்கொள்ளலாம். அழுத்தத்துக்கு, நுழைவாய்க்கால்களை அகலப்படுத்தி, குறுக்கி, ஏடுகள் சந்திக்கும் இடத்துக்குச் சற்று முன்பு மட்டும் மெலியும்படி புது மாஸ்க் வரைந்திருக்கிறேன். 2 மைக்ரான் பூச்சுக்கு ரெசிஸ்ட்டை நீர்க்கச் செய்து சுழற்றிப் பார்த்ததில் பூச்சு சீராகவே வருகிறது. அந்த அளவுக்கு மெலிந்த பாலிப்ரொப்பிலீன் படலம் கிடைத்ததும் அடுத்த கலப்பான்.